பழைய காருக்கு டிங்கரிங், பெயின்டிங்: புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் யாரிடம் கொடுக்கலாம்?

அம்பாசிடர் வைத்திருப்பவர், பத்மினி வைத்திருப்பவர், தாத்தா விட்டுப்போன ஸ்டாண்டர்ட் ஹெரால்டை தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பவர் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான்: பாடி வேலைக்கு யாரிடம் விடுவது? இன்ஜினுக்கு எப்படியாவது ஒரு பழைய மெக்கானிக் கிடைத்துவிடுகிறார். பாடி அப்படியில்லை. மூன்று மாதம் என்று சொல்லி வாங்கிய வண்டி அடுத்த தீபாவளிக்கும் ஷெட் வாசலில் வெயிலில் நிற்கும், அட்வான்ஸ் போயிருக்கும், கிரில்லும் பீடிங்கும் எங்கே என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இதைக் கேட்டுக் கேட்டு மனம் வலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் தகடு தெரிந்த கை ஒரு இடத்தில் இருக்கிறது, பெயின்ட் அடிக்கத் தோதான இடம் இன்னொரு இடத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே ஆளிடம் மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கும்போதுதான் பெரும்பாலான வயிற்றெரிச்சல் தொடங்குகிறது. ஆனால் பிரித்துக் கொடுப்பது எல்லோராலும் முடியாது. நேரம், இடம், பணம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஐந்து வழிகளையும் வைத்துப் பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்றுதான். அதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, தகட்டில் கை வைக்கப்போவது யார் என்பது. இந்த வண்டிகளில் துரு தடுக்கும் கால்வனைஸ் தகடு கிடையாது. அம்பாசிடர் 1958-ல் இருந்து 2014 வரை உத்தர்பாராவில் வந்தது, பத்மினி பம்பாய் குர்லாவில் இருந்து 2000-ஆம் ஆண்டு வாக்கில் வரை வந்தது. எந்த வருட வண்டியானாலும் பல வருடக் கடற்காற்று பட்டிருந்தால் தரைத் தகடு, கதவின் அடிப்பாகம், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளம், பேட்டரித் தட்டு, முன் கண்ணாடி ரப்பருக்கு அடியில் இருக்கும் விளிம்பு, இந்த இடங்களில் துரு இருந்தே தீரும். இதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கத் தெரியாதவர் எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தாலும் அது இரண்டு மழைக்குத்தான்.

இரண்டாவது, தகட்டுக்கும் மேல் பெயின்ட்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது. நம் ஊரில் இதுதான் உயிர்நாடி, ஆனால் யாரும் கேட்பதில்லை. ஷெட்டில் பட்டி (பள்ளம் நிரப்பிச் சமன் செய்யும் பூச்சு) வைத்த பிறகு வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பக்கத்தில் இருக்கும் போர்வெல்லில் இருந்து. கடலை ஒட்டிய பல இடங்களில், புதுச்சேரியானாலும் கடலூரானாலும், போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். தேய்த்த பானெட் வெயிலில் காய்ந்ததும் தண்ணீர் போய்விடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். அதன் மேல் பிரைமர், அதன் மேல் கலர். பெயின்ட் படலம் பார்வைக்கு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஈரப்பதம் மெல்ல மெல்ல உள்ளே போகும், உள்ளே இருக்கும் உப்பு அதை இழுத்து வைத்துக்கொள்ளும். சில மாதத்தில் குண்டூசித் தலை அளவுக்குக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். "பெயின்ட் கம்பெனி சரியில்லை" என்று பெயின்டர் சொல்வார். பெயின்ட்டின் மேல் தப்பே இருக்காது.

பட்டியும் அப்படித்தான். பாலியஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும், அதை உலர்வாகத் தேய்ப்பதுதான் முறை. கேட்டால், "தூசி பறக்கும் சார், காலங்காலமா தண்ணிலதான தேய்க்கிறோம்" என்பார்கள். தண்ணீரில்தான் தேய்ப்பேன் என்று பிடிவாதமாக இருந்தால், கடைசிக் கழுவலுக்காவது இரண்டு கேன் குடிதண்ணீர் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, முழுதாகக் காய்ந்த பிறகுதான் பிரைமர் என்று பக்கத்தில் நில்லுங்கள். கேன் தண்ணீருக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

மற்றவை சுருக்கமாக: பெயின்ட் அடிக்கும் இடம் மூடியதா திறந்ததா, நீங்கள் வாரத்துக்கு எத்தனை முறை போய்ப் பார்க்க முடியும், கழற்றிய சாமான் யார் பொறுப்பில் இருக்கும், பணம் எந்தக் கட்டத்தில் கைமாறும், தகராறு வந்தால் வண்டியை இருந்தபடியே எடுத்துக்கொண்டு வர முடியுமா. கடைசியில் சொன்னதை லேசாக நினைக்காதீர்கள். சக்கரம் இல்லாமல் கட்டையில் நிற்கும் வண்டியின் உரிமையாளருக்குப் பேரம் பேசும் பலமே கிடையாது.

அவசரத்தில் படிப்பவர்களுக்காக ஒரு அட்டவணை:

| வழி | தகட்டு வேலை | பெயின்ட் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| ஷெட்டில் மொத்த கான்ட்ராக்ட் | ஆளைப் பொறுத்து மிக நன்று | திறந்த வெளி, தூசி | தாமதம், காணாமல் போகும் சாமான், திரும்ப அடிப்பது |
| பூத் (மூடிய பெயின்ட் அறை) உள்ள பெரிய ஒர்க்‌ஷாப் | பழைய வண்டிக்குப் போதாது | நன்று | பானல் கணக்கு, ஜி.எஸ்.டி., மறைக்கப்பட்ட துரு |
| சென்னை, கோவை ரெஸ்டரேஷன் கடை | நன்று | நன்று | வண்டி ஏற்றிச் செல்வது, எல்லையில்லாத பில் |
| பிரித்துக் கொடுப்பது | நன்று | நன்று | உங்கள் நேரம், இடம் |
| இப்போதைக்கு பெயின்ட் வேண்டாம் | துரு உள்ள இடம் மட்டும் | இல்லை | பொறுமை |

## ஷெட்டில் மொத்த கான்ட்ராக்ட்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் பக்கமோ, வில்லியனூர் ரோட்டிலோ, கடலூரில் நெல்லிக்குப்பம் ரோட்டிலோ தேடினால் ஐம்பது அறுபது வயதில் ஒரு டிங்கர் மேஸ்திரி இருப்பார். சுத்தியலும் டாலியும் (தகட்டுக்குப் பின்னால் முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டி) வைத்துக்கொண்டு ஒரு தகட்டை மட்கார்டு வளைவுக்குக் கொண்டுவரும் கை அது. 20 கேஜ் தகட்டை வாங்கிக் கொடுத்தால், பழையதைப் பார்த்து அளவெடுத்துக் கதவின் அடிப்பாகத்தை அவரே அடித்து உருவாக்கிவிடுவார். இந்தக் கை பெரிய ஒர்க்‌ஷாப்பில் இல்லை, அங்கே பானலைக் கழற்றி மாட்டத்தான் பழக்கியிருக்கிறார்கள். ஷெட்டை ஏளனமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

சிக்கல் கையில் இல்லை, ஷெட் பிழைக்கும் விதத்தில் இருக்கிறது. அவருக்கு வாடகையும் பையன்களின் சம்பளமும் வருவது இன்ஷூரன்ஸ் வண்டிகளில் இருந்து. ஒரு பம்பர், ஒரு கதவு, நாலு நாளில் வேலை முடிந்து காசு. உங்கள் அம்பாசிடர் மாதக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் "சார், இன்ஷூரன்ஸ் வண்டி மூணு வந்து நிக்குது, அத அனுப்பிட்டு உங்க வண்டியில கை வைக்கிறேன்" என்ற பேச்சு. அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான். மூன்று போனதும் இன்னொரு மூன்று வரும். ஆயுத பூஜைக்கு முன்னால் இரண்டு மாதம் உங்கள் வண்டி பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

மொத்த கான்ட்ராக்ட் என்றால், வேலை நீள நீள அவருக்கு நஷ்டம். நஷ்டம் தெரிய ஆரம்பித்ததும் வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல் பட்டியால் மூடுவது தொடங்குகிறது. ஒரு பத்மினியில் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகட்டை (ரன்னிங் போர்டு என்பார்கள்) சுரண்டிப் பார்த்தபோது நான் கூடவே இருந்தேன். மேலே வெள்ளை, அதற்கடியில் கருநீலம், அதற்கடியில் விரல் தடிமனுக்குப் பட்டி, அதற்கும் அடியில் ஃபைபர் பாய். பாயைக் கிழித்ததும் நனைந்து கறுத்த செய்தித்தாள் சுருள் சுருளாக வந்தது. தகடு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. வண்டியைத் தாங்கும் இடம் அது. பத்மினிக்கும் அம்பாசிடருக்கும் லாரி மாதிரித் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடிதான் சேஸிஸ். வெளியில் இருந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்த வண்டி!

இதைப் பிடிக்கச் சின்னக் காந்தம் போதும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவு அடி, சக்கர வளைவு, ரன்னிங் போர்டு நெடுக நகர்த்துங்கள். தகட்டின் மேல் இழுப்பு இருக்கும், பட்டியின் மேல் வழுக்கி விழும். பட்டி இரண்டு மில்லிமீட்டர் வரை இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் தட்டிச் சரிசெய்ய வேண்டியதைப் பூசி மறைத்திருக்கிறார்கள்.

இன்னொரு ஏமாற்றம் பெயின்ட்டில். பேசும்போது டூ-கே என்பார்கள், அதாவது ஹார்ட்னர் (கெட்டியாக்கும் திரவம்) கலந்து அடிக்கும் பி.யு. பெயின்ட். அடித்தது பழைய என்.சி.யாக (நைட்ரோ செல்லுலோஸ் பெயின்ட்) இருக்கும். என்.சி. விலை குறைவு, சட்டென்று காயும், தூசி ஒட்டினால் தேய்த்துவிடலாம், அதனால் திறந்த ஷெட்டுக்கு வசதி. ஆனால் வெயிலில் சீக்கிரம் மங்கும், ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். எது அடித்தார்கள் என்று தெரிய வேண்டுமா, ஒரு வாரம் கழித்து டிக்கி மூடியின் உள்பக்கம் கண்ணில் படாத இடத்தில் தின்னர் நனைத்த பஞ்சை வைத்துத் தேயுங்கள். கலர் கரைந்து பஞ்சில் வந்தால் என்.சி., நன்றாகக் காய்ந்த டூ-கே அசையாது. இதை முன்கூட்டியே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சனை வராது. பழைய என்.சி.யை முழுதாக எடுக்காமல் அதன் மேலேயே டூ-கே அடித்தால் சுருங்கிக்கொண்டு தூக்கும், அதையும் பேசும்போதே கேட்டுவிடுங்கள்: "பழைய பெயின்ட்டைத் தகடு வரைக்கும் எடுக்கிறீங்களா, மேலேயே அடிக்கிறீங்களா?"

இந்த வழி யாருக்கு நல்லது? ஷெட் இருக்கும் ஊரிலேயே குடியிருந்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை சாயங்காலம் போய் நிற்கக்கூடியவருக்கு. வண்டியை தினமும் ஓட்டப்போகிறவருக்கு, மெட்டாலிக் இல்லாத ஒற்றைக் கலருக்கு. சென்னையிலோ துபாயிலோ வேலை பார்த்துக்கொண்டு போனிலேயே வேலை வாங்கலாம் என்று நினைப்பவருக்கு இது வேண்டவே வேண்டாம்.

## பூத் உள்ள பெரிய ஒர்க்‌ஷாப்

கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் பெரும்பாலும் பழைய வண்டியை வாங்கவே மாட்டார்கள். பல பிராண்ட் வண்டிகளும் பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் சில நேரம் ஒப்புக்கொள்வார்கள். அவர்களிடம் இருக்கும் பெரிய சொத்து பூத். வடிகட்டிய காற்று, தூசி இல்லாத அறை, அடித்த பிறகு 60 டிகிரியில் அரைமணி நேரம் பேக்கிங், அதாவது சூட்டில் காயவைப்பது. அந்த மேற்பரப்பை திறந்த ஷெட்டில் எவ்வளவு கை தேர்ந்தவராலும் கொண்டுவருவது கடினம், அதுவும் மதியத்துக்கு மேல் கடற்காற்று வீசும் நம் ஊரில்.

ஆனால் கணக்கு பானலுக்கு இவ்வளவு என்று போகும். அம்பாசிடருக்கு பானல் என்றால் என்ன? கூரை எத்தனை பானல்? கதவின் உள்பக்கம், தூண்கள், டிக்கி உள்பக்கம், இன்ஜின் அறை இதெல்லாம் கணக்கில் உண்டா? இதைப் பேசாமல் விட்டால், கதவைத் திறந்ததும் பழைய கலர் பல்லிளிக்கும். கண்ணாடியைக் கழற்ற மாட்டார்கள், ரப்பரைச் சுற்றி டேப் ஒட்டி அடித்துவிடுவார்கள். துரு தொடங்குவதே அந்த ரப்பருக்கு அடியில்தான். பில்லில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும். பில் கிடைப்பதும் பேசுவதற்கு ஒரு மேனேஜர் இருப்பதும் நல்லதுதான், மறுக்கவில்லை.

தகடு ஏற்கெனவே சுத்தமாக இருந்து கலர் மட்டும் மங்கிய வண்டி என்றால் இங்கே போகலாம். துரு உள்ள வண்டியை இங்கே கொண்டுபோனால் துருவின் மேலேயே அழகாக அடித்துத் தருவார்கள்.

## சென்னை, கோவை ரெஸ்டரேஷன் கடைகள்

முழு வண்டியையும் பிரித்து, தகடு வரை எடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டோ எடுத்து அனுப்பும் கடைகள் இருக்கின்றன. நல்லவை நன்றாகவே செய்கின்றன. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மாதிரி வண்டிக்கு, வண்டலூர் அருகே தொழிற்சாலை இருந்த காரணத்தாலோ என்னவோ, சென்னைப் பக்கம் விஷயம் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாமானுக்குப் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் அவர்கள் கைக்கெட்டும் தூரம்.

மறைந்திருக்கும் செலவுதான் பயமுறுத்தும். புதுச்சேரியில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை சுமார் 150 கிலோமீட்டர். ஓடாத வண்டியை லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும், போக ஒருமுறை, வர ஒருமுறை. நீங்கள் போய்ப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் ஒரு லீவு. பெரும்பாலும் நிலையான தொகை பேச மாட்டார்கள், "பிரிச்சுப் பாத்தாதான் தெரியும்" என்பார்கள். அது நியாயமான பேச்சுதான், பிரிக்காமல் சொல்பவரைத்தான் நம்பக் கூடாது. ஆனால் உச்சவரம்பு ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: இந்தத் தொகையைத் தாண்டும் நிலை வந்தால் என்னிடம் கேட்காமல் மேலே போகக் கூடாது என்று.

50 வயது தாண்டிய வண்டி, வின்டேஜ் பதிவு வாங்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு இந்த வழி பொருந்தும். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருடம் தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். தினப்படி ஓட்டத்துக்கு அந்தப் பதிவு உதவாது. பாடி, சேஸிஸ், இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் விதியே இடம் கொடுக்காது, அதனால் மூலத்தை மதிக்கத் தெரிந்த கடையாக இருக்க வேண்டும். சாதாரண 1990-களின் பத்மினிக்கு இவ்வளவு செலவு தேவையா என்று கேட்டால், என் பதில் இல்லை.

## பிரித்துக் கொடுப்பது

நான் பரிந்துரைப்பது இதைத்தான். டிங்கர் வேலைக்கு மேஸ்திரி, பெயின்ட்டுக்கு பூத், நடுவில் நீங்கள். வீட்டில் கூரை போட்ட இடமும் கரண்ட்டும் இருந்தால் மேஸ்திரியை அங்கேயே வரச்சொல்லி நாள் கூலிக்கு வேலை வாங்கலாம். இடம் இல்லாவிட்டால் அவர் ஷெட்டிலேயே, ஆனால் தகட்டு வேலை மட்டும், நாள் கணக்கில். நாள் கூலி என்றதும் "இழுத்தடிப்பாங்க" என்று பயப்படுவார்கள். பழைய வண்டியில் துரு எவ்வளவு என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது, அதனால் மொத்தத் தொகையில் ஒன்று அவர் ஏமாறுவார் அல்லது உங்கள் வண்டி ஏமாறும். நாள் கூலியில் அவருக்கு ஒளித்து மூட வேண்டிய அவசியம் இல்லை. காலையில் வந்து நின்று "அண்ணே, இன்னைக்கு இந்தக் கதவு" என்று ஒரு வேலையைக் குறித்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் பார்த்துவிட்டுக் கூலி கொடுங்கள். மனிதரும் மனம் நிறைந்து வேலை செய்வார்.

வெல்டிங் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். கேஸ் வெல்டிங்கில் சூடு அதிகம் பரவி மெல்லிய தகடு நெளியும், பிறகு நெளிவை மறைக்கப் பட்டி. சி.ஓ.டூ வெல்டிங் மெஷின் இருக்கும் இடமாகப் பாருங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். ரன்னிங் போர்டு இரண்டு பக்கமும் போயிருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்ட விடாதீர்கள். ஒரு பக்கம் முடித்துவிட்டுத்தான் மறுபக்கம், அதுவும் கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு ஆங்கிள் கம்பியை வைத்து வெல்ட் செய்து பிடித்த பிறகு. இல்லாவிட்டால் பாடி நடுவில் தொய்யும். அந்தத் தொய்வு அப்போது தெரியாது, கடைசியில் கதவை மாட்டும்போது மேலே இடைவெளி, கீழே உரசல் என்று தெரியும். அந்த நேரத்தில் "கதவு பழசு சார், அப்படித்தான்" என்பார்கள். அதனால் கதவு, பானெட், டிக்கி மூன்றையும் பிரைமருக்கு முன்பே ரப்பரோடு மாட்டி மூடித் திறந்து இடைவெளி பார்த்துவிடுங்கள்.

சுத்தமான தகட்டை ஒரு ராத்திரி விட்டாலே நம் ஊரில் செந்நிறம் படரும். சுரண்டிய அன்றே எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். வழக்கமான ரெட் ஆக்சைடு போதாதா என்று கேட்பார்கள். அது மட்டும் ஈரத்தை நிறுத்தாது. எபாக்ஸி அடித்துவிட்டால் அடுத்த கட்டத்துக்கு அவசரமில்லாமல் ஆள் தேடலாம், பிரித்துக் கொடுப்பதற்கு அதுதான் பெரிய வசதி. பிறகு தேய்க்கும்போது தண்ணீர் விஷயம் மேலே சொன்னதுதான்.

வெள்ளோட்டம் மாதிரி எபாக்ஸி நிலையிலேயே வண்டியை ஒருமுறை ஓட்டிப்பாருங்கள். கதவு கிரீச்சிடுவது, தண்ணீர் ஒழுகுவது எல்லாம் அப்போதே தெரியும். அப்புறம் பூத் உள்ள ஒர்க்‌ஷாப்பில், "பட்டி, பிரைமர் முடிஞ்சு வருது, அடிக்கிறது, பேக்கிங், பாலிஷ் மட்டும்" என்று பேசுங்கள். தகட்டு வேலை இல்லை என்றால் அவர்களுக்கும் நிம்மதி, உங்கள் வண்டியைத் தள்ளிவைக்கக் காரணம் இருக்காது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு: பிறகு கொப்புளம் வந்தால் பூத்காரர் "அடியில இருந்து வருது" என்பார், மேஸ்திரி "என் பிரைமர்ல ஒண்ணுமில்ல" என்பார். அதைத் தவிர்க்க, பூத்துக்குள் ஏற்றும் முன் பூத் பெயின்டரையே வந்து மேற்பரப்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். திருப்தி இல்லாத இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடட்டும், மேஸ்திரி அதைச் சரிசெய்யட்டும். அதற்குப் பிறகு வருவது பூத்காரர் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி வாங்கிவிடலாம்.

வீட்டிலேயே பெயின்ட்டையும் அடித்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். டூ-கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, அந்தப் புகை நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை வந்தால் பிறகு கொஞ்சம் பட்டாலும் இழுக்கும். குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கும் வீட்டுத் திண்ணையில் இதை அடிக்கவே கூடாது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அடிக்கும் பெயின்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். சுத்தக் காற்றுக் குழாய் உள்ள மாஸ்க் இருக்கும் பூத்துக்கு ஐந்தாயிரம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை. பழைய பெயின்ட்டை உலர்வாகச் சுரண்டும்போதும் அப்படித்தான், அதில் ஈயம் இருக்கலாம், தூசி மாஸ்க் இல்லாமல் யாரையும் நிற்க விடாதீர்கள்.

நேரம் இல்லாதவருக்கு இந்த வழி இல்லை. வேலை நடக்கும் காலத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாவது இதற்கென்று ஒதுக்க முடிய வேண்டும்.

## இப்போதைக்கு பெயின்ட் வேண்டாம்

இதை ஒரு வழியாகவே யாரும் நினைப்பதில்லை. பணம் பாதிதான் இருக்கிறது, நல்ல மேஸ்திரி கிடைக்கவில்லை, ஐப்பசி மழை நெருங்குகிறது என்றால் இதுதான் சரி. துரு உள்ள இடத்தை மட்டும் வெட்டித் தகடு வைத்து எபாக்ஸி அடித்து, கதவின் அடியிலும் ரன்னிங் போர்டிலும் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, உள்ளே துரு தடுக்கும் மெழுகை ஸ்ப்ரே பண்ணிவிட்டு, மங்கிய கலரோடு ஓட்டுங்கள். கம்பெனியில் இருந்து வந்த மூலப் பெயின்ட் இன்னும் இருக்கும் வண்டி என்றால் அதைச் சுரண்டுவதற்கு முன் பத்து முறை யோசியுங்கள். பழைய வண்டிக்காரர்களிடையே அந்தப் பெயின்ட்டுக்குத் தனி மதிப்பு உண்டு, போனால் திரும்ப வராது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கும் இதையே சொல்வேன்: முதலில் உள்தகடு காயட்டும், பெயின்ட் பிறகு.

## எந்த வழியானாலும்

கழற்றும் சாமானை ஷெட்டில் விடாதீர்கள். கிரில், எம்பளம், பீடிங், கைப்பிடி, லைட் ரிங், ஒவ்வொன்றையும் ஜிப் பையில் போட்டு மார்க்கரில் எழுதி வீட்டுக்கு எடுத்துவந்துவிடுங்கள். குரோம் முலாம் தனிச் செலவு, ரப்பர் பீடிங் தனிச் செலவு, கழற்றும்போது கண்ணாடி உடைந்தால் அது தனி. இவை எதுவும் பாடி ஷாப் சொல்லும் தொகையில் இருக்காது.

பணம் கட்டம் கட்டமாக. அட்வான்ஸ் கால் பங்குக்கு மேல் வேண்டாம். தகடு வரை சுரண்டி உங்களுக்குக் காட்டிய பிறகு ஒன்று, தகட்டு வேலை முடிந்து பட்டி வைப்பதற்கு முன் ஒன்று (இந்த நாளைத் தவறவே விடாதீர்கள், பட்டி ஏறிவிட்டால் பிறகு பார்க்க ஒன்றுமில்லை), பிரைமர் முடிந்து ஒன்று, எல்லாம் மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகு மீதி. "உங்க மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்று மேஸ்திரி வருத்தப்பட்டால், "நம்பிக்கை இருக்குறதாலதான் அண்ணே வண்டியைக் குடுக்குறேன், கணக்கு ரெண்டு பேருக்கும் நல்லது" என்று சொல்லுங்கள். நல்லவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அட்வான்ஸிலேயே முக்கால்வாசி கேட்பவரிடம் வண்டியை விட வேண்டாம்.

மாதம் முக்கியம். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறந்த பிறகு தொடங்கி வைகாசிக்குள் பெயின்ட்டை முடிக்கப் பாருங்கள். திறந்த ஷெட் என்றால் பனி உலர்ந்த பிறகு, கடற்காற்று எழுவதற்கு முன், அதாவது ஒன்பது மணிக்கு மேல் மதியத்துக்குள். கம்ப்ரசர் டேங்கின் அடித் திருகைத் திறந்து தேங்கிய தண்ணீரை வெளியேற்றிவிட்டு அடிக்கிறார்களா என்று பாருங்கள், நம் ஊர் ஈரக்காற்றில் அரை டம்ளர் தண்ணீராவது வரும்.

கலர் மாற்ற ஆசை இருந்தால், ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் கலரும் மாற வேண்டும். பெயின்ட் கடைக்குப் போவதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் என்ன தாள் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப் போகும்போது கலர் பொருந்தாமல் நின்றால் வீண் அலைச்சல். பழைய கலரையே அடிப்பதானால், வெயில் படாத இடத்தில் இருந்து மாதிரி எடுங்கள்: டாஷ்போர்டுக்கு அடியில், கதவு ரப்பருக்கு உள்ளே. பானெட்டின் மேல் இருப்பதை வைத்துக் கலந்தால் மங்கிய கலர்தான் வரும். கலந்து கொடுக்கும் கடையில் அந்தக் கலவைச் சீட்டைக் கேட்டு வாங்கி, ஹார்ட்னர் சேர்க்காத பெயின்ட்டில் அரை லிட்டரைத் தனி டப்பாவில் இறுக்கி மூடி வைத்துக்கொள்ளுங்கள். முதல் கீறல் விழும் நாளில் வேறு எங்கும் அதே கலர் கிடைக்காது.